ஆளில்லாத அறையின் மூச்சு

“மெஷின் உன் கையில, வயர் உன் கையில, காதுல மாட்டிக்கிறதும் நீ. அப்போ அந்த மூச்சு வேற யாரோடது?”

“என்னைப் பார்த்து இப்படிக் கேக்க உனக்கு எப்படி வாய் வருது?”

“கத்தாதே.”

“நான் எங்க கத்தறேன்? நீ கத்தறதுதான் தெருமுனை வரைக்கும் கேக்குது. உன்னைப் பயமுறுத்தி எனக்கு என்ன ஆகணும்?”

“நான் இந்த வீட்டை விட்டு வரணும். அதானே உனக்கு ஆகணும்? பயந்து நடுங்கி உன் பின்னாலேயே ஓடி வந்துடுவேன்னு பார்க்கறே.”

“இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?”

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேச்சு என் வாசலுக்கு வந்திருக்கும்.

ஐயா, பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஒட்டுக்கேட்பது வேறு, காதில் விழுவது வேறு. நான் பேண்ட் கால் மடித்துத் தைக்கிறவள், ஜிப் மாற்றுகிறவள், இளைத்தவர்களுக்குப் பிடித்தும் பெருத்தவர்களுக்குப் பிரித்தும் கொடுக்கிறவள். கையும் கண்ணும்தான் வேலையில் இருக்கும். காது சும்மா இருக்கும். சும்மா இருக்கிற காதை என்ன செய்வது? உங்கள் சட்டையில் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிற நூலில் தைத்திருப்பது உள்ளே வந்ததுமே என் கண்ணில் பட்டது. வீட்டில் மனஸ்தாபமா என்று நான் கேட்கவில்லை, பாருங்கள். எனக்கும் அளவு தெரியும்.

அந்தச் சண்டை அவளுக்கும் அவளுடைய ஒலிப்பதிவுக்காரனுக்கும். தெருவில் அவளைப் பாட்டுக்காரி என்பார்கள். அவன் கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்குவதால் அவனுக்குக் காதுக்காரன் என்று பெயர். அதை வைத்தது நான்தான். என்னை எல்லாரும் டைலர் அக்கா என்பார்கள்.

எங்கள் வீடும் அவள் வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்தவை. வீட்டுக்காரர் நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டார். சுவரில் ஏற்கெனவே ஒரு மர அலமாரி இருந்தது. அதை இடிக்க மனமில்லாமல் நடுவில் ஒரு பலகை அடித்து, இந்தப் பக்கம் எனக்கு ஒரு கதவு, அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு கதவு என்று விட்டுவிட்டார். பலகையில் ஒரு கணு உதிர்ந்து கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அது நான் போட்டதல்ல. ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் தானே எழுதித் தானே பாடுகிறவள். பேர் வாங்கிய பாட்டுகள். பாட்டு அவளுடையதென்றால் விஷயம் என்னுடையது. மத்தியானம் தெரு அடங்கியதும் டீ டம்ளரோடு வந்து என் துணி வெட்டும் மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். “அப்புறம்?” என்பாள். நான் சொல்லச் சொல்ல, “அப்புறம்க்கா? அப்புறம்?” என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. வருகிறவர்கள் “எப்போ ரெடியாகும்?” என்றுதான் கேட்பார்கள்.

மருந்துக்கடைக்காரரின் மனைவி சாயங்காலமானால் துணி அடுக்கிய பெட்டியோடு பஸ் நிறுத்தத்துக்குப் போவாள். பஸ் வரும், போகும். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து சமைப்பாள். இதை நான் சொன்னேன். பாட்டுக்காரி அதைப் பாட்டாக்கினாள். ஊரே முணுமுணுத்தது. ஒரு நாள் அந்த அம்மாள் பாட்டுக்காரியின் வாசலில் வந்து நின்று, “அந்தப் பெட்டி என்னோடது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் பஸ் ஏறிவிட்டாள், நிஜமாகவே.

நான் இதை ஒரு வெற்றி என்றுதான் நினைத்தேன். பாட்டுக்காரிக்கு மட்டும் அது உறைத்துவிட்டது.

“இனிமே சொந்தப் பாட்டு வேண்டாம்க்கா. மத்தவங்க பாடினதை, மத்தவங்க எழுதினதைப் பாடி ஒரு ஆல்பம் பண்ணப் போறேன். எனக்குப் பிடிச்ச பாட்டு மட்டும். ‘இரவல்’னு பேரு.”

“இரவல் வாங்கிப் பாடற அளவுக்கு உனக்கு என்னம்மா பஞ்சம்?”

“பஞ்சம் இல்ல. பயமா இருக்கு. ஒருத்தரோட வீட்டுக்குள்ள கையை விட்டு எடுத்துட்டு வந்து பாடற மாதிரி இருக்கு.”

அந்தக் கை யாருடையது என்று அவள் சொல்லவில்லை. எனக்கும் ஜாடை புரியும்.

அப்போதும் நான் உதவிதான் செய்தேன். அந்த அலமாரி இருந்த பழைய ஸ்டோர் ரூமைப் பாட்டு அறையாக மாற்றினார்கள். ஜன்னலை நுரைப் பலகை வைத்து அடைத்தார்கள். சுவரிலும் கதவிலும் தொங்கவிட கனத்த பஞ்சு மெத்தைகள் தைத்துக் கொடுத்தது நான். இரட்டைத் தையல். உள்ளே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் கூடத்தில் இருப்பவருக்குக் கேட்காது. நானே அவளை உள்ளே விட்டுக் கத்தச் சொல்லிச் சோதித்தேன். வெளியே வந்தவள் சிரித்தாள். “ஏதாவது கேட்டுச்சாக்கா?” ஒன்றுமே கேட்கவில்லை. என் வேலை சுத்தம். அலமாரிப் பக்கத்து மெத்தையை மட்டும் ஓட்டை இருந்த உயரத்துக்குக் கொஞ்சம் குட்டையாக வெட்டிவிட்டேன். துணி பற்றவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

பதிவு நடக்கும்போது மின்விசிறி போடக் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, போன் கூடாது. கதவைத் தட்டவும் கூடாது. பாடி முடித்ததும் அவள் உள்ளே ஒரு சுவிட்சைத் தட்டுவாள்; வெளியே கதவுக்கு மேலே ஒரு சின்ன பல்பு எரியும். எரிந்தால் திறக்கலாம். எரியாவிட்டால் பாட்டு நடக்கிறது என்று அர்த்தம். காதுக்காரன் செய்த ஏற்பாடு.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் ஆளில்லாத அறையைப் பதிவு செய்வார்கள். மெஷினை ஓடவிட்டு இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மௌனம் இருக்கிறதாம். பாட்டை வெட்டி ஒட்டுகிற இடத்தில் அந்த மௌனத்தை அடியில் போடாவிட்டால் குழி விழுந்த மாதிரி கேட்குமாம். “லைனிங் துணின்னு சொல்லு” என்றேன். காதுக்காரன் அதை மிகவும் ரசித்தான். அப்போது எங்களுக்குள் ஒன்றும் இல்லை.

ஆல்பம் தொடங்கியபின் அவள் டீ டம்ளரோடு வருவது நின்றது. வாசலில் பார்த்தால் “என்னக்கா, சௌக்கியமா?” கதவு சாத்தப்படும். என்ன பாட்டு, யாருடைய பாட்டு என்று தெருவே என்னைக் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரி நான் தெரியாது என்றா சொல்வது? அலமாரியைத் திறந்து, தைக்க வந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, ஓட்டையில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் நெருங்கினேன். அப்போதும் ஒன்றும் இல்லை. நிதானமாகக் காத்திருந்தேன். துணித் தூசியில் வருடக்கணக்காக இருப்பதால் என் மூக்கில் லேசாக ஒரு விசில் உண்டு.

அது ஆளில்லாத அறையைப் பதிவு செய்த நேரம் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அன்று மத்தியானமே அவள் என் வீட்டுக்குள் வந்தாள். செருப்பில்லை. கழுத்தில் ஹெட்போன், அதன் வயர் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. முகம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருந்தது.

“அக்கா, கொஞ்ச நேரம் உங்ககூட உக்காந்துக்கட்டுமா?”

“வா கண்ணு. என்ன ஆச்சு?”

“அந்த ரூம்ல யாரோ மூச்சு விடறாங்கக்கா.”

“யாரு, அந்தக் காதுக்காரப் பையனா?”

“நாங்க ரெண்டு பேருமே வெளியில இருந்தோம். காலி ரூம்க்கா. காலி ரூம்ல மூச்சு.”

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. பயந்தால் நெஞ்சு கீச்கீச்சென்று சத்தம் போடும். பையிலிருந்து பஃப் எடுத்து வாயில் அடித்துக்கொண்டாள். பிறகு ஹெட்போனை என் காதில் மாட்டி, போனில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள்.

முதலில் ஒரு இரைச்சல், தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. பிறகு மெதுவாக ஒரு மூச்சு உள்ளே போனது. நின்றது. வெளியே வந்தது, நுனியில் ஒரு சின்ன விசிலோடு. ஐயா, தன் மூச்சைத் தானே வெளியிலிருந்து கேட்டிருக்கிறீர்களா? எனக்கே முதுகுத்தண்டு சில்லிட்டது. அது நான்தான் என்று தெரிந்த பிறகுதான் இன்னும் பயமாக இருந்தது. அந்த மூச்சு அவ்வளவு ஆசையாகக் காத்திருந்தது.

“யாரோ வயசானவங்க மாதிரி இருக்குல்ல?” என்றாள்.

அது கொஞ்சம் மனசுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும். “அடிப் பைத்தியமே, அது நான்தான்டி, என்ன பாட்டுன்னு தெரியாம தலை வெடிச்சிடும் போல இருந்துது” என்று சொல்லியிருந்தால், அவள் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். அதோடு போயிருக்கும். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் தோளில் தலையைச் சாய்த்து, “ஏதாவது பேசுங்கக்கா. எதையாவது சொல்லுங்க” என்றாள். நான் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில், “அப்புறம்?” என்றாள்.

பிறகு எப்படிச் சொல்வது?

அதற்கப்புறம் நான் செய்தது வேண்டுமென்றே செய்ததுதான். மறைக்கவில்லை. தினமும் செய்யவில்லை, அவள் வராத நாட்களில் மட்டும். ஓட்டையில் வாயை வைத்து மூச்சு விடுவேன். அவ்வளவுதான். ஒரு முறை அவள் பாடவிருந்த பாட்டின் முதல் வரியை, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், உதடு பிரியாமல் முனகினேன். பல வருஷம் முன்பு செத்துப்போன ஒருவர் எழுதிய தாலாட்டு அது. அன்று அவள் என் வீட்டில் சாயங்காலம் வரை இருந்தாள். பல் கிட்டிப்போய்ப் பேச வரவில்லை. “பாட்டுக்குச் சொந்தக்காரங்க வந்திருக்காங்கக்கா. இரவல் வாங்கினதைத் திருப்பிக் கேக்கறாங்க” என்றாள். நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். கால் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டேன். பெற்ற தாய்கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள். சொந்தப் பாட்டுக்குத் திரும்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லிப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினாள், கேட்கவில்லை.

காதுக்காரன்தான் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் உள்ளே, “வா, வெளியே போகலாம்” என்று சத்தமாகச் சொன்னான். காலடிச் சத்தம் போனது, கதவு சாத்தியது. நான் ஓட்டையில் வாயை வைத்தேன். முதல் மூச்சை இழுத்தேனோ இல்லையோ, பலகைக்கு அந்தப் பக்கம், என் உதட்டுக்கு நேரே, ரகசியமாக ஒரு குரல்:

“யாரு?”

அவளை மட்டும் அனுப்பிவிட்டு அவன் உள்ளேயே நின்றிருக்கிறான். அவன் மூச்சின் சூடு என் வாயில் பட்டது. நான் அசையவில்லை. மூச்சை வெளியே விட்டால் கேட்கும். உள்ளே இழுத்தாலும் கேட்கும். காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தம். கண் இருட்டிக்கொண்டு வந்தது. தொங்கிய கோட்டு ஒன்றை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு மனுஷி மூச்சு விட முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சிறிது நேரத்தில் என் வாசலில் நின்றான், கையில் ஒரு பேண்ட்.

“கால் கொஞ்சம் பிடிக்கணும்க்கா.”

“உனக்கே பிடிச்சுத்தானே இருக்கு தம்பி. இன்னும் பிடிச்சா வெட்டித்தான் கழட்டணும்.”

சிரிக்கவில்லை. அவன் கண் அலமாரியில் இருந்தது. “இந்தப் பலகையில ஒரு ஓட்டை இருக்கு, தெரியுமாக்கா?”

“பழைய வீட்டுல ஓட்டை இல்லாம கண்ணாடியா பதிச்சு வெச்சிருப்பாங்க? எலி வருதுன்னு நானே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டிருக்கேன்.”

“எலி மூச்சு விசில் அடிக்காதுக்கா.” என் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். “நாளைக்கு நானே அடைச்சிடறேன்.”

நாளை வருவதற்குள் நான் அவளிடம் பேசிவிட்டேன். யாரைப் பற்றியும் குறை சொல்லவில்லை. “தம்பி ரொம்ப நல்ல பையன்தான். ஆனா மெஷின் பூரா அவன்கிட்டதானே இருக்கு. உன்னைக் கட்டிக்கிட்டு வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும்னு அவனுக்கு எவ்வளவு ஆசை பாரு. நீ இங்க தைரியமா இருந்தா எப்படி வருவே, பாவம்.” இவ்வளவுதான் சொன்னேன். எல்லாமே உண்மையான வார்த்தைகள். அடுத்து நீங்கள் கேட்ட சண்டை.

சண்டையில் அவன் என் பெயரையும் இழுத்தான். “அந்த டைலரம்மாவைக் கேளு. ஓட்டைக்கு அந்தப் பக்கம் யார் இருக்காங்கன்னு கேளு.”

“அவங்க இல்லேன்னா நான் எப்பவோ பைத்தியமாகியிருப்பேன். அவங்களைப் பத்திப் பேசாதே.”

பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. யார் அழுதாலும் என்னவென்று விசாரிப்பேன்; நான் அழுதால் விசாரிக்க யாருமில்லை என்று நினைத்திருந்தேன். அவன் வயர்களைச் சுருட்டிக்கொண்டு போனான். பேண்டைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

மெஷினைத் தானே இயக்கிக்கொள்ளப் பழகினாள். தனியாக உள்ளே போகப் பயம். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த அறை ஸ்டோர் ரூமாக இருந்ததல்லவா, தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான்.

“நான் உள்ள போனதும் வெளியில தாழ் போட்டுட்டு நீங்க வாசல்லயே இருங்கக்கா. யாரும் உள்ள வர முடியாது. பல்பு எரிஞ்சா மட்டும் திறங்க.”

நாற்காலி போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து மடிப்புத் தைத்தேன். பல்பு எரியும். திறப்பேன். வேர்த்துப்போய் வெளியே வருவாள், என்னைப் பார்த்ததும் முகம் தெளியும். அந்த நாட்களில் மூச்சு வரவில்லை; வரவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அவளும் கவனித்தாள். “நீங்க வாசல்ல இருந்தா அது வர்றதில்லக்கா.” என் ஆயுளில் யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

ஆனால் பயம் போனால் ஆள் மாறிவிடுகிறது. ஒரு காலையில், “இனிமே உங்களுக்குச் சிரமம் வேண்டாம்க்கா. சரியாயிடுச்சு. தாழ் போடாமயே பாடறேன்” என்றாள். நான் சரி என்று வீட்டுக்கு வந்தேன். அன்று மத்தியானம் மூச்சு வந்தது.

அங்கேதான் தப்பு செய்தேன். தையல் வேலையில் இருக்கிறவள் இப்படி யோசிக்காமல் விடலாமா? காதுக்காரன் ஊரிலேயே இல்லை. அவன் இல்லாத வீட்டில் மூச்சு வந்தால், முன்பு வந்த மூச்சும் அவனுடையதல்ல என்றாகிவிடுகிறதே. அழுதுகொண்டே அவனுக்குப் போன் செய்தாள். அவள் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது.

“தப்பு என்மேலதான்... நீ இல்லாதப்பவும் வருது... என்னால முடியல, கூட்டிட்டுப் போயிடு... இல்ல, அக்காவைச் சொல்லாதே. அவங்க மட்டும்தான் எனக்கு இருந்தாங்க... சரி. கடைசிப் பாட்டை மட்டும் முடிச்சிடறேன். நீ வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்.”

மறுநாள் மத்தியானம் அவளே வந்து சொன்னாள். “உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். இன்னிக்குக் கிளம்பறோம். அவன் பஸ்ல வந்துட்டிருக்கான்.” கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, ஆனாலும் உதட்டில் ஒரு சிரிப்பு. “கடைசியா ஒரே ஒரு தடவை தாழ் போட்டுட்டு உக்காருங்கக்கா. ரொம்ப பயமா இருக்கு. நீங்க இருந்தா பாடிடுவேன்.”

வளையல், கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் சமையலறை நாற்காலி மேல் வைத்தாள். பையும் அங்கேயே. ஜிப் சத்தம் கேட்குமாம். பஃப் அதில்தான் இருந்தது. உள்ளே போனாள். நான் தாழ் போட்டேன்.

பல்பு எரியவேயில்லை என்று அப்போது உங்கள் இடத்தில் இருந்த இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். எரியாவிட்டால் பாடிக்கொண்டிருக்கிறாள் என்றுதானே அர்த்தம்; அவளே வைத்த சட்டம்; நான் எப்படி நடுவில் திறப்பேன்? அவர் பல்பைப் போட்டுப் பார்த்தார். பியூஸ் போயிருந்தது. பாவம், என்னையே தண்ணீர் குடிக்கச் சொன்னார். காதுக்காரன் ஓட்டையைப் பற்றிச் சொன்னான். ஒரு ஓட்டையால் யார் செத்தார்கள் என்று அவர் கேட்டார். அது நியாயமான கேள்விதான்.

பல்பு எரிந்தது, ஐயா.

பாட்டு முடிந்த கையோடு எரிந்தது. நான் எழுந்து தாழ் வரைக்கும் போனேன். அப்போது அவளுடைய பெட்டி வாசலில் இருப்பது கண்ணில் பட்டது. இப்போது திறந்தால் நேராக அதை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் பயந்துபோய் என்னைப் பிடித்துக்கொள்வாள். முதல் நாள் பிடித்த மாதிரி. பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை. அதிகம் ஒன்றும் கேட்கவில்லையே. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பல்பு அணைந்து அணைந்து எரிந்தது. வேகமாக எரிந்தது. என் மெத்தைகள் நன்றாக வேலை செய்தன. ஒரு சத்தமும் இல்லை. திறக்கத் தாமதமானதற்கு என்ன காரணம் சொல்வது என்று பயம். தாமதமாக ஆக, காரணம் இன்னும் பெரியதாக வேண்டியிருந்தது. அவள் போன் அடித்தது. காதுக்காரன். எடுத்தேன்.

“எங்கக்கா அவ?”

“பாடிக்கிட்டிருக்கா தம்பி. இடையில கூப்பிடாதே. நிதானமா வா.”

பிறகு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்த பல்பு என்னையே பார்த்த மாதிரி இருந்தது. தைத்து முடித்த கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தெருமுனையில் இருக்கும் இஸ்திரிக்காரம்மாவிடம் போனேன். பாட்டுக்காரி இன்று ஓடிப்போகப் போகிறாள் என்று சொன்னேன். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “ஐயையோ, அப்புறம்?” என்றாள். அப்புறம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் நிறையக் கேள்வி கேட்டாள். பதில் சொல்லாமல் வருவது மரியாதை இல்லை.

திரும்பி வந்தபோது பல்பு அணையாமல் ஒரே சீராக எரிந்துகொண்டிருந்தது. சுவிட்ச் போட்டது போட்டபடி இருந்தது. தாழைத் திறந்தேன். கதவின் அடியில் ஏதோ கனமாகத் தடுத்தது. என்னவென்று தெரிந்ததும் மறுபடி சாத்திவிட்டேன்.

என் தையல் மெஷினில் இருப்பதும் அதே மாதிரி பல்புதான். பியூஸ் போன ஒன்று பெட்டியில் கிடந்தது. கழற்றும்போது எரிந்த பல்பு சுட்டது. ஒரு துண்டுத் துணியால் பிடித்துக் கழற்றினேன். உள்ளே சுவிட்சை யாரும் கவனிக்கவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மடிப்பைத் தொடர்ந்தேன். காதுக்காரன் வந்து திறந்தான். அவன் போட்ட சத்தம் மட்டும் என் மெத்தைகளைத் தாண்டி வந்தது.

‘இரவல்’ வந்தது. கடைசிப் பாட்டும் அதில் இருக்கிறது. அவள் அதை முழுதாகப் பாடி முடித்திருந்தாள். கேட்டுப் பாருங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், சத்தத்தைக் கூட்டி வைத்தால், லைனிங் மாதிரி என் மூச்சு இருக்கிறது. அவனால் எடுக்க முடியவில்லையா, வேண்டுமென்றே விட்டானா, தெரியாது. உறையில் என் பெயர் இல்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் எல்லாரும் போய்விட்டார்கள். இஸ்திரிக்காரம்மா மகள் வீட்டோடு போய்விட்டாள். மருந்துக்கடைக்காரர் வேறு கல்யாணம் செய்துகொண்டு கடையை மாற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள் அலமாரிக்குப் பின்னால் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள். மத்தியானத்தில் காதை வைத்தால் என் சத்தம்தான் எனக்குத் திரும்பி வருகிறது. காதுக்காரனுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. கட்டிக்கொண்ட பெண்ணுக்கும் கொஞ்சம் பாட வருமாம். ஆனால் தனியாக இருக்க ரொம்பப் பயப்படுகிற சுபாவமாம். எந்த ஊருக்குப் போனார்கள் என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். இதையெல்லாம் நான் எழுத்தில் கொடுத்துவிட்டால் நீங்கள் அவனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்கும் அல்லவா? அந்தப் பெண்ணையும் கூடவே கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பயப்பட ஒன்றுமில்லை, பக்கத்தில் நான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.